இலையின் இடப்பக்கம்

என் வீட்டுக்காரருக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர்த் தேக்காவில் நாங்கள் வழக்கமாகப் போகும் இலைச்சாப்பாட்டுக் கடையில், அவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, ஊறுகா வைக்க மறந்துட்டீங்க" என்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிமாறுகிறவர் வந்து இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வம்பு எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ஏற்கெனவே இருந்த ஊறுகாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் இவர் மறுபடியும், "என்ன லா தம்பி, ஒரு ஊறுகாய்க்கு இவ்வளவு நேரமா?" என்றார். இன்னொரு கரண்டியும் வந்தது. இலையின் இடது மூலையில் மாங்காய் ஊறுகாய் குவிந்து கிடக்க, அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் சாம்பார் சோற்றைச் சாப்பிட்டார்.

"இருக்கு பாருங்க, இலையிலதான் இருக்கு" என்றேன். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவர் வலப்பக்கம் திரும்பி, அடுத்த மேசையில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "எங்க இருக்கு?" என்று கேட்டார். அந்த மனிதர் பாவம், தன் இலையில் இருந்த ஊறுகாயைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும்போனது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் தப்பியது, பேச்சு தப்பியது, கும்பிட்ட சாமியெல்லாம் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். கண்ணில் கோளாறு இல்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கவனிக்காது என்றார். நான் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன். புரிந்தது அந்த ஊறுகாய்க் குவியலைப் பார்த்தபோதுதான்.

அதற்குப் பிறகு வீட்டில் எங்கே பார்த்தாலும் அதுவே தெரிந்தது. முகத்தில் பாதி சவரம். நெற்றியில் திருநீறு நடுவில் தொடங்கி வலப்பக்கம் மட்டும் ஓடும். இடது தோள் பாத்ரூம் கதவில் இடிக்கும், கதவைத் திட்டுவார். எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு. கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் என்னை இடம் மாற்றி அவருக்கு இடப்பக்கம் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து சோபாவிலும் பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் அதுதான் என் இடம். இப்போது அந்த இடத்தில் நான் வெறும் குரல். நான் பேசினால் அவர் வலப்பக்கம் இருக்கும் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"நான் என்ன ஃப்ரிட்ஜா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"நீதான் எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டுப் பேசற" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் உண்மை.

மகளும் நானும் ஒரு காரியம் செய்தோம். டிவி, மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், அவர் நாற்காலி எல்லாவற்றையும் அவருக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி மாற்றினோம். சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பாதியில் திருப்பிவைத்தோம். நானும் வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். வீடு அமைதியானது. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுக்கிற சீனப் பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஆங்கிலத்தில் மென்மையாகத்தான் சொன்னாள், ஆனால் சுருக்கென்று இருந்தது: "ஆன்ட்டி, இடப்பக்கம் தேவையே இல்லன்னு அங்கிள் மூளைக்கு நீங்களே சொல்லிக்குடுக்கிறீங்க."

பிறகு அவள் மேசைமேல் துணி காயப்போடுகிற கவ்விகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பரப்பிவைத்து, எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். இவர் வலப்பக்கம் இருந்ததை எடுத்துவிட்டு, "முடிஞ்சது" என்றார். பாதி அப்படியே கிடந்தது. தேடிப் பார்க்கச் சொன்னாள். தேடினார், இல்லை என்றார். அவள் அவருடைய இடது கையைத் தூக்கி மேசையின் இடது ஓரத்தில் வைத்து, விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். அவர் மேசையைத் தட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் வலது கை நகர்ந்தது. ஒரு கவ்வியை எடுத்தார், அதற்கு அடுத்ததை எடுத்தார், கிட்டத்தட்ட ஓரம்வரை போனார்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கண், அதே மேசை. புதிதாக ஒரு விளக்கைக்கூட யாரும் போடவில்லை. ஒரு கை அசைந்தது, அவ்வளவுதான். அந்தக் கை அசைந்த இடத்தில் உலகம் மறுபடி உண்டானது. விரல்கள் ஓய்ந்ததும் மீதியிருந்த ஒரு கவ்வி அவருக்கு மறைந்துபோனது. நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். கண் பார்க்கும், கை கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கை சொல்லிக் கண் பார்க்கும் என்பது இத்தனை வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தும் எனக்குத் தோன்றியதே இல்லை.

சாப்பிடும்போதெல்லாம் இடது கையை மேசைமேல் வைத்து அசைக்கவேண்டும் என்பது வீட்டுப்பாடம். அங்கேதான் முட்டிக்கொண்டது.

"சோத்துக்குப் பக்கத்துல பீச்சாங்கையா? உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நமக்கெல்லாம் விவரம் தெரிந்த நாளிலிருந்து அடித்தும் அதட்டியும் சொல்லிக்கொடுத்தது அது. சாப்பாட்டில் இடது கை மடியில் கிடக்கவேண்டும், மிஞ்சிப்போனால் தண்ணீர் டம்ளரைத் தூக்கலாம். இதை அந்தப் பெண்ணிடம் விளக்கப் படாத பாடு பட்டேன். "நாங்க கிண்ணத்தையே இடது கையிலதான் பிடிப்போம்" என்றாள் அவள், ஆச்சரியமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கை ஏதாவது செய்கிற நேரங்களில் அவர் இவ்வளவு மோசமில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்து மாடிப்படி இறங்கும்போது இடப்பக்கம் வருகிறவர்களுக்குக்கூட விலகுவார். சாப்பாட்டில்தான் உலகம் பாதியாகும். சாப்பாட்டில்தானே அந்தக் கையைத் தூங்கப் போட்டிருக்கிறோம்.

வீட்டில், கதவைச் சாத்தியபிறகு, முணுமுணுத்துக்கொண்டே கையை வைக்கத் தொடங்கினார். நான் என் பழைய இடத்துக்கே திரும்பினேன். தட்டில் பொரியல் அவருக்கு அகப்பட்டது, கூட்டு அகப்பட்டது. நான் அகப்படவில்லை. நான் குரல் கொடுத்தால் கை வைத்துத் தேடிப் பார்ப்பார், சில நாள் என் தோள்வரை வருவார். கூப்பிடாமல், தானாக, அவர் ஒருமுறை என் பக்கம் திரும்பவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் தனியாக ரோடு தாண்டுவதும் பழையபடி சாங்கிக்கு வேலைக்குப் போவதும் எல்லாம் அப்புறம்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடோக்கிலிருந்து தேக்காவுக்கு வந்தோம். ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஒன்று ஓடாமல் நின்றிருந்தது, அதையே படியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நின்றிருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே கால் வைத்தேன், உடம்பு சட்டென்று முன்னால் சாய்ந்தது. கண் பார்த்ததைக் கால் நம்பவில்லை. எஸ்கலேட்டர் என்றால் ஓடும் என்று அது பழகியிருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். நான் வேண்டுமென்றே செய்யவில்லை, யாரும் என்னைத் திட்டவும் முடியாது. பிறகு அவரிடம் நான் காட்டிய கோபமெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகக்கூட இல்லை, பிரமிப்பாக இருந்தது. என் உடம்புக்குள்ளேயே எனக்குத் தெரியாமல் இவ்வளவு நடக்கிறதே என்று.

கடையில் அதே பரிமாறுகிறவர். எங்களைப் பார்த்ததும் ஊறுகாய்ப் பாத்திரத்தோடு கொஞ்சம் தயங்கி, ஒரே ஒரு கரண்டி வைத்தார், இடது மூலையில். நான் கை கழுவிவிட்டு வந்து இவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு இருந்தேன். கடை நிறையக் கூட்டம். இங்கே அவர் அந்தக் கையை எடுக்கமாட்டார் என்றும் தெரியும்.

கொஞ்சம் சாப்பிட்டார். தலையைத் தூக்கிப் பரிமாறுகிறவரைத் தேடினார். கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், அதாவது அவருக்கு இருக்கிற சுற்றில். பிறகு மடியிலிருந்து இடது கை மெதுவாக மேலே வந்தது. இலையின் நுனிக்குப் பக்கத்தில் மேசைமேல் உட்கார்ந்து தட்டத் தொடங்கியது. எதிர்மேசையில் ஓர் அம்மா அந்தக் கையைப் பார்த்தார். இவர் நிறுத்தவில்லை. கண் சோற்றிலிருந்து கூட்டுக்கு வந்தது, பொரியலுக்கு வந்தது, மூலைக்கு வந்தது.

"இருக்கு" என்றார், தனக்குத்தானே.

ஊறுகாய் கிடைத்தபிறகும் அந்தக் கை மடிக்குத் திரும்பவில்லை. தட்டிக்கொண்டே இடப்பக்கம் நகர்ந்தது. டம்ளரைத் தொட்டது, தாண்டியது, என் இலையின் ஓரத்துக்கு வந்தது, என் வளையலில் இடித்து நின்றது. வளையலைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். அப்புறம் கழுத்து திரும்பியது. அவர் கண் முழுசாக என் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

"கை கழுவப் போன ஆளு, எப்ப வந்த?" என்றார்.

"இப்பத்தாங்க" என்றேன். என் இலையில் பாதிச் சோறு ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

"சரி, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். இடது கையை மட்டும் எடுக்கவில்லை. அது பிடித்துக்கொண்டிருந்தது என் வலது கையை, நான் சாப்பிடுகிற கையை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.