பல் வலி என்று சொன்ன நாள்

பத்து வயதில் என் மகளுக்குத் தலையின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கியது. வெளிச்சம் ஆகாது, குமட்டும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்குப் பகுதியில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் அவளுக்காகப் பழைய நாளிதழ்களை ஒட்டினேன். அவற்றில் நான் எழுதிய செய்திகளும் இருந்தன. அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் ஜார்ஜ்டவுன் நிருபர். ஒருவரின் வயது தவறாக அச்சானால்கூட மறுநாளே திருத்தம் போடச் சொல்பவன்.

பள்ளிக்கு எழுதிய முதல் விடுப்புக் கடிதத்தில் 'தலைவலி' என்றுதான் எழுதினேன். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துவிட்டு, "பத்து வயசுல என்ன தலைவலி? கல்யாணக் கவலையா?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. அடுத்த கடிதத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. அதன்பின் வயிற்றுப்போக்கு, சளி, மறுபடி காய்ச்சல். ஒரே நோய் அடுத்தடுத்து வராதபடி பார்த்துக்கொண்டேன். கடிதத்தை மகளிடம் கொடுக்கும்போது, "டீச்சர் கேட்டா இதையே சொல்லு" என்பேன்.

சில மாதங்களில், வலி இல்லாத நாள்களிலும் பள்ளிக்குக் கிளம்ப அழுதாள். வலி வந்துவிடுமோ என்று படுக்கையில் விழித்துக் கிடந்தாள். விளையாடப் போவதை நிறுத்திவிட்டாள். குழந்தை மருத்துவர் என்னிடம் சொன்னார்: "தலைவலிக்கு மருந்து தர்றேன். ஆனா பிள்ளை பயந்து, மனசு சோர்ந்து போயிருக்கு. இந்த வலி இருக்கிற பிள்ளைங்க சிலருக்கு அப்படி ஆகும். மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க."

ஜார்ஜ்டவுனிலேயே அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய கிளினிக் இருந்த தெருவில் பாதிக் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். நான் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

அங்கே போகும் ஃபெரியில் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தவர், கோயில் செய்திகளை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கும் நிர்வாகி.

"ரிப்போர்ட்டர் அண்ணே! ஸ்கூல் நாளும் அதுவுமா மகளோட எங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

"பல்லு புடுங்கக் கடல் தாண்டிப் போற மொத ஆளு நீங்கதான்லா!" என்று உரக்கச் சிரித்தார். பிறகு மகளிடம் குனிந்து, "ரொம்ப வலிக்குதா பாப்பா? மிட்டாய் நெறைய தின்னியா?" என்றார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கரை வரும்வரை கையை எடுக்கவில்லை. அதை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

மனநல மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். மகளை அருகில் உட்கார வைத்து, "உனக்கு என்ன செய்யுதும்மா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இங்க என்ன சொல்லணும்?"

மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம். மூடிய கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. வீட்டில் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது மருத்துவர் என்னிடம், "ஸ்கூலுக்கு உள்ளத சொல்லிடுங்க. தலைவலி, பயம், ரெண்டையும். டீச்சருக்குத் தெரிஞ்சாத்தான் பிள்ளைக்கு உதவ முடியும்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'ஒற்றைத் தலைவலிக்காக மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன்' என்று எழுதினேன். எந்த மருத்துவர் என்று எழுதவில்லை. பயத்தைப் பற்றியும் எழுதவில்லை. மகள் சீருடையில் நின்றபடியே வாசித்தாள்.

"தலைவலி மட்டுந்தான் போட்டிருக்கீங்க."

பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. தாளில் இடமும் இருந்தது.

"பரவாயில்லப்பா," என்று கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "டீச்சர் கேட்டா நானும் இதையே சொல்லிடுறேன்."