ராத்வெல்லுக்கு இல்லாத வரி

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில், எங்கள் தெருவில் இருந்த எனோக் கிளெக் நெசவாலையில் தறி ஓட்டியவன். கோழை என்று அவனை யாரும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரில், பிரான்சில் ஒரு குளிர்காலம் முழுக்க முன்வரிசைப் பதுங்குகுழியில் கிடந்தவன். ஒருநாள் குண்டு விழுந்து, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மண்ணோடு புதைந்தபோதுதான் அவன் கால்கள் தாமாகப் பின்பக்கம் நடந்தன. வைக்கோல் கொட்டகையில் தூங்கியவனை ராணுவப் போலீஸ் பிடித்தது.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. தீர்ப்பு மேலிடத்து ஒப்புதலுக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு பள்ளிக்கூட அறையில் அடைத்தார்கள். அவனைப் போலவே ஓடிப் பிடிபட்ட ஜாப் ராத்வெல்லும் அங்கே இருந்தான். காவலுக்கு நின்றவன் எங்கள் தெருக்காரன் சேத்.

"சேத், ஏதாவது காதுல விழுந்துச்சாடா?" என்றான் எனோக்.

"ஒண்ணும் விழல. ரொட்டியத் தின்னு."

"வாய் ஓயாம பேசுவியே. இப்ப மூஞ்சியக்கூட பாக்க மாட்டேங்கிற."

சேத் வாசலைப் பார்த்தபடியே சொன்னான். "சுடறதுக்கு ஆள் எடுக்கறாங்களாம். என் பேரு வந்துடக்கூடாதுன்னு இருக்கேன்."

ராத்வெல் சிரித்தான். "வந்தா நேரா அடி. சாராயக்கடைப் பலகைக்குக் குறிவச்சு அம்பு எறியறப்ப செவுத்துல அடிப்பியே, அந்த மாதிரி அடிச்சிடாத." சொல்லும்போதே அவன் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது.

மறுநாள் மாலை பட்டாளத்தையே சதுரமாக நிறுத்தி, நடுவில் இருவரையும் நிற்கவைத்தார்கள். அதிகாரி எனோக்கின் குற்றத்தை வாசித்தார். "மரண தண்டனை" என்றார். தாளைத் திருப்பினார். எனோக்கின் கால்சட்டை நனைந்தது. பிறகுதான் அடுத்த வரி வந்தது: தண்டனை சிறையாகக் குறைக்கப்பட்டது, அதையும் நிறுத்திவைத்து, முன்வரிசைக்கே அனுப்புகிறார்கள். ராத்வெல்லின் தாளில் அப்படி ஒரு வரி இல்லை. விடிந்ததும் அவனைச் சுட்டார்கள். சுட்டவர்களில் சேத்தும் ஒருவன்.

சண்டை முடிந்து எனோக்கும் சேத்தும் ஊர் திரும்பினார்கள். எதிரே சேத் வந்தால் எனோக் மறுபக்கம் போய்விடுவான். ஏன் என்று மனைவி எட்னா கேட்டாள்.

"அவனப் பாத்தா இன்னும் அந்தச் சதுரத்துலயே நிக்கிற மாதிரி இருக்கு."

பல வருஷம் கழித்து சேத் நெஞ்சுச் சளியில் படுத்தபோது எனோக் அவன் வீட்டுக்குப் போனான்.

"அன்னைக்கி உன்னச் சுடச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினான் சேத்.

"தெரியும்டா. சுட்டிருப்ப. நானா இருந்தாலும் சுட்டிருப்பேன்."

சேத் அவன் கையைப் பற்றிக்கொண்டான். அப்போது வாசல் கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். சுடுவதற்கு அழைத்துப்போக ஆள் வந்ததுபோல இருவரும் விறைத்துப்போனார்கள். வந்தவன் பால்காரன்.