வீடியோ அங்கிளின்ர மனைவி

போன வருஷம் மகளிர் தினத்துக்கு முதல் எங்கட சங்கத்தின்ர செயலாளர் எனக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, நீங்கள்தானே கண்ட கண்ட படமெல்லாம் பாக்கிறனீங்கள். பொம்பிளையளைப் பெருமைப்படுத்துற மாதிரி நாலு படம் எழுதித் தாங்கோ. எடுத்ததும் பொம்பிளையா இருக்கவேணும். ஆனா குடும்பத்தோட பாக்கக்கூடியதா இருக்கவேணும், சரியோ?" ஒவ்வொரு படத்திலயும் இருந்து கொஞ்சம் கொஞ்சம் சிட்னி வென்ட்வேர்த்வில் மண்டபத்தில போட்டுக் காட்டுவினமாம். நிர்வாகக் குழுவில ஏழு பேர். ஆறு பேர் ஆம்பிளையள். ஏழாவது ஆள் சாப்பாட்டுக்குப் பொறுப்பு.

எரிச்சல் வந்தாலும் ஓமெண்டு சொன்னன். என்ர நாப்பத்தெட்டு வயசில ஆராவது என்னட்டப் படத்தைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தரம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு. வீட்டில நான் படம் போட்டால் "பிறகும் அழுமூஞ்சிப் படமோ" எண்டு மனுசன் எழும்பிப் போயிடுவார்.

மூண்டு படம் கெதியா வந்திட்டுது. புருசன் செத்தாப் பிறகு லொறி ஓடப் பழகின ஒருத்தியின்ர கதை. அதில நடிச்சவ ஒரு இடத்திலயும் ஒருத்தரிட்டயும் கெஞ்சமாட்டா, அதுக்காகவே பாக்கலாம். அடுத்தது, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையொண்டு தன்ர தாய்க்குப் பின்னால போய்ப் போய் எடுத்த படம். மூண்டாவது, மெல்பேர்ன் கிரெய்கிபர்னில ரெண்டு சகோதரியள் தங்கட குசினிக்குள்ளயே எடுத்து முடிச்சது.

நாலாவதுக்கு என்ர கலியாண வீடியோவை எழுதினன். சிரிக்காதேங்கோ.

அந்தக் காலம் சிட்னியில எங்கட ஆக்களின்ர கலியாணம், பெட்டையள் பெரிசானால் செய்யிற சாமத்தியவீடு எல்லாத்துக்கும் வீடியோ அங்கிள்தான். அதாவது, பேர் அங்கிளின்ர. அவர் வாசலில நிண்டு கை குடுப்பார், விசிற்றிங் காட் குடுப்பார், பந்தியில முதல் இருப்பார். சீலையை இடுப்பில செருகிக்கொண்டு, கமராவைத் தோளில தூக்கிக்கொண்டு, ஐயருக்கும் நாதஸ்வரகாரருக்கும் நடுவில முழங்காலில நிண்டு எடுத்தது முழுக்க அன்ரி. கசற்றைப் போட்டால் ரோசாப்பூவுக்கு நடுவில அங்கிளின்ர பேர் சுத்திச் சுத்தி வரும்.

இருவத்திமூண்டு வருஷத்துக்கு முந்தி என்ர கலியாணத்தில தாலி கட்டுற நேரம் எல்லாரும் தாலியைப் பாக்கினம். அன்ரி மட்டும் கமராவை அம்மாவின்ர பக்கம் திருப்பினவ. முகத்தில சிரிப்பு, கீழ அம்மாவின்ர கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கு. அம்மா பயந்துபோய் இருந்தவ எண்டு எனக்கு அதைப் பாத்துத்தான் தெரியும். அவ செத்தாப் பிறகு அந்த இடத்தை எத்தனை தரம் போட்டுப் பாத்திருப்பன். ஒரு சொல்லில்லாமல் ஒரு தாயைக் காட்டத் தெரிஞ்ச மனுசி எங்களுக்குள்ளயே இருக்கிறா, ஒருக்காவாவது மேடையில ஏத்தவேணும் எண்டு நினைச்சன். அதை அப்பிடியே எழுதினன். எழுதிப்போட்டு "எடுத்தவர்" எண்டு போட்ட இடத்தில பேனை நிண்டிட்டுது.

அன்ரியின்ர பேர் என்ன?

எனக்குத் தெரியாது. எடுத்துக் கேட்டிருக்கலாம், ஒரு போன்தானே. இத்தனை வருஷம் பழகிப்போட்டு இப்ப பேர் கேக்கிறதோ எண்டு வெக்கம். "வீடியோ அங்கிளின்ர மனைவி" எண்டு எழுதி அனுப்பிப்போட்டன். எல்லாருக்கும் விளங்கும்தானே.

நல்லா விளங்கினது. அண்டைக்கு மண்டபத்தில விளக்கேத்தி, வரவேற்புரை, தலைமையுரை, பெண்மையின்ர மேன்மையைப் பற்றி மூண்டு ஆம்பிளையள் பேசி முடிய ஒண்டரை மணித்தியாலம் போச்சு. நேரம் போதாதெண்டு லொறிக்காரியையும் தோட்டத்துப் பிள்ளையையும் குசினிச் சகோதரியளையும் வெட்டிப்போட்டினம். என்ர அம்மாவின்ர கை மட்டும் பெரிசாத் திரையில வந்தது. பிறகு செயலாளர் மைக்கைப் பிடிச்சு, "இந்த அருமையான காட்சியைத் தந்த எங்கட வீடியோ அங்கிளை மேடைக்கு அழைக்கிறம்" எண்டார்.

அங்கிள் எழும்பினார். மறுப்பார், ஒரு சொல்லாவது சொல்லுவார் எண்டு பாத்தன். மனுசன் கும்பிட்டுக்கொண்டே ஏறிப் போய்ப் பொன்னாடைக்குக் குனிஞ்சு குடுத்தார். அன்ரி எங்க எண்டு தேடினன். மேடைக்கு முன்னால, தரையில முழங்காலில நிண்டு செயலாளரின்ர போனால அதை எடுத்துக்கொண்டிருந்தா. "அன்ரிக்குத்தான் கை நடுங்காது" எண்டு அவர்தான் குடுத்தவராம்.

மைக் எனக்குக் கை எட்டுற தூரத்தில இருந்தது. நான் எழும்பேல்ல. சபையில அங்கிளை அவமானப்படுத்தக்கூடாதெண்டு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, எல்லாரோடயும் சேந்து கை தட்டினன். அந்த மூண்டு பேச்சாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவையாவது பேசினவை.

முடிஞ்சாப் பிறகு காருக்குக் கிட்டப் போய் மறிச்சன். "அன்ரி, நான் உங்களைத்தான் எழுதினனான். குறை நினைக்காதேங்கோ."

"ஓம் பிள்ளை, உன்ர தாளைச் செயலாளர் காட்டினவர். மனைவி எண்டு போட்டிருந்தாய்."

"உங்கட பேர் எனக்குத் தெரியாது அன்ரி."

அவ கோவிக்கேல்ல. கோவிச்சிருந்தாலும் பரவாயில்லை. சீலைத் தலைப்பை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு முன் சீற்றில ஏறி இருந்தா. "இருவத்திமூண்டு வருஷமாத் தேவைப்படேல்ல, இனி என்னத்துக்கு?" எண்டுபோட்டு, பேரைச் சொல்லாமல் கதவைச் சாத்தினா.