"நீரு பிள்ளைக்கு ஆரு?"

கோட்டாற்றில் எனக்கு ஜவுளிக்கடை. விடியுமுன் திறக்கப் போனால், மகள் உறங்கிய பிறகுதான் வீடு திரும்புவேன். மகாராஜாவின் பிறந்தநாளுக்காகக் கடைத்தெருவை அடைத்திருந்த அன்று, "இன்னைக்காவது எங்ககூட ஆத்துக்கு வாருங்களேன்" என்று மனைவி கெஞ்சினாள். முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பழையாற்றுக் கரையில் நின்ற என் கண்ணெதிரே, எட்டு வயது மகள் பாறையிலிருந்து குதித்துத் தண்ணீருக்குள் மறைந்தாள். எனக்கு நீச்சல் தெரியாது. "ஐயோ, பிள்ளை போச்சே!" என்று அலறினேன். துணி அலசிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குவே இந்தக் கூப்பாடு? அவ தெனமும் அக்கரை வரைக்கும் நீந்துறவளாக்கும். நீரு பிள்ளைக்கு ஆரு?"

அப்பன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மகள் சிரித்தபடி கரையேறி வந்தாள். அவள் முழங்காலில் நீளமாக ஒரு தழும்பு.

"இது எப்ப மக்கா?" என்றேன்.

"போன வருசம் பாறையில விழுந்தேன். நீங்க கடையில இருந்திய, அப்பா."

துணியில் ஓர் இழை விலகியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று ஊரே சொல்லும்.

இப்போது வாரம் ஒருநாள் கடையை அடைத்துவிட்டு அவர்களோடு ஆற்றுக்குப் போகிறேன். அந்த மனிதர் மறுபடி கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேனா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.