பித்தளை இறக்கைக் காத்தாடி

பழனிவேல் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்த மறுநாளே, ஒரு முழு வெள்ளைத்தாளை உருட்டிக் கையில் பிடித்தபடி கருப்பண்ணன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அது எழுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி. கருப்பண்ணனுக்குச் சொந்த ஊர் திருமழபாடிப் பக்கம். பழனிவேல் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், இந்தத் தெருப் பெண் இருசம்மாளைக் கட்டிக்கொண்டு இங்கேயே குடி வந்துவிட்டவர்.

“தெருவுக்குக் கரண்டு கேட்டு ஒரு மனு எழுதணும் மாப்ள. லைனு மேலத்தெருவோட நின்னு போச்சு. நாங்க எழுதுனா எவன் படிக்கறான்? நீங்க எழுதுங்க, பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு போட்டு.”

அந்தக் கடைசி வார்த்தையில் பழனிவேலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனு எழுத அவர் வீட்டுக்கே போனான். போனவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கூரை வீட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சாக்குப் போர்த்திய மின்விசிறிகள். மூன்று பிளேடு, நான்கு பிளேடு, மரப்பிளேடு. அரியலூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் கடையில் வேலை பார்த்த கருப்பண்ணன், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்ட காத்தாடிகளைத் தேடி வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து வைத்திருந்தார். நடுவில் ஒரு மின்சாரக் கணப்பும் இருந்தது.

“நல்லாப் பாருங்க தம்பி,” என்றாள் இருசம்மாள். “இந்த வேகாத வெயிலுல குளிர் காய அடுப்பு வாங்கியாந்த ஒரே ஆம்பள எம் புருசன்தான். கரண்டே இல்லாத வூட்டுக்கு.”

சிரிக்கப் போனவளை இருமல் வளைத்துக்கொண்டது. பத்து வருஷம் கல் உடைக்கப் போய்த் தூசியைக் குடித்த நெஞ்சு. வெயில் ஏறினால் மூச்சு இழுக்கும். பனை விசிறி வீசக் கூட ஆள் வேண்டும். கருப்பண்ணன் ஒரு சாக்கை விலக்கிக் காட்டினார். பித்தளை இறக்கை வைத்த மேஜைக் காத்தாடி, புளி போட்டுத் தேய்த்ததில் தங்கமாக மின்னியது.

“மத்ததெல்லாம் மேல மாட்டுறது மாப்ள. இந்தக் கூரையில மாட்டுனா கூரையும் சேந்து சுத்தும். இவளுக்குன்னு இது ஒண்ணுதான். ரெண்டு வருசமாச்சு, காயிலு, புஷ்ஷு எல்லாம் நானே போட்டேன். கடையில ஓட்டிப் பாத்துட்டேன். சத்தமே இல்ல.”

மனு போனது. கம்பங்கள் சிவசுப்பிரமணியன் வயல் வழியாகத்தான் வரவேண்டும், அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று பதில் வந்தது. உடையார்பாளையம் போகும் வழியில் பெரிய பண்ணை அவருடையது. அந்தப் பித்தளைக் காத்தாடியும் ஒரு காலத்தில் அவர் வீட்டில் ஓடி, எரிந்துபோய், இரும்புக் கடைக்கு வந்ததுதான்.

காயில் சுற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த மோட்டார் உயிர் பிழைத்தால், அது செத்ததைப் பார்த்தவரிடம் ஒரு தரம் ஓட்டிக் காட்டவேண்டும். அப்போதுதான் கை ராசி நிற்கும். “அவருக்கும் மனசு குளுந்துரும், கையெழுத்தும் போட்டுருவாரு,” என்று கருப்பண்ணன் காத்தாடியைத் துணியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டார். பழனிவேலுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

“பி.ஏ.வா? உக்காரு தம்பி,” என்று சிவசுப்பிரமணியன் நாற்காலியைக் காட்டினார். பழனிவேலின் அப்பா அந்த வீட்டில் களத்தைத் தாண்டியதில்லை. அவன் உட்கார்ந்தான். கருப்பண்ணன் நின்றபடியே காத்தாடியை ஓடவிட்டார். காற்று கூடம் முழுக்கப் பரவியது.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கய்யா கடைசி வரைக்கும் இந்தக் காத்துலதான்டா படுத்திருந்தாரு. எரிஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டோம். பொழைக்க வச்சுக் கொண்டாந்துட்டியே கருப்பண்ணா!”

உள்ளே குரல் கொடுத்தார். தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் வந்தன. அதை வாங்கிவிட்டால் காத்தாடியை ஒப்படைத்ததாக அர்த்தம். கருப்பண்ணன் கையை நீட்டவில்லை. பழனிவேலைத் திரும்பிப் பார்த்தார்.

‘அது அவரு வாங்குனதுங்க’ என்று சொன்னால் போதும். பழனிவேலின் மடியில் கையெழுத்தாகாத தாள் இருந்தது. முதல்முறையாகக் கொடுக்கப்பட்ட நாற்காலியும் இருந்தது. அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பண்ணன் குனிந்து வேட்டியை வாங்கிக்கொண்டார். கையெழுத்து உடனே கிடைத்தது.

வெறும் தோளோடு திரும்பியவர்களைப் பார்த்து இருசம்மாள் கேட்டாள்: “கூட இருந்தீங்களே தம்பி, நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“அவுரு என்ன பண்ணுவாரு, வுடு,” என்றார் கருப்பண்ணன்.

அடுத்த சித்திரையில் தெருவுக்கு மின்சாரம் வந்தது. எல்லோரும் பழனிவேலைக் கொண்டாடினார்கள். கருப்பண்ணன் புளியங்கட்டையில் முக்காலி அடித்து, அதன் மேல் ஒரு சீலிங் ஃபேனைத் தலைகீழாக வைத்துக் கட்டி ஓட்டினார். முக்காலி கிடுகிடுவென்று ஆடியது. காற்று முழுக்கக் கூரைக்குப் போய்ப் பழைய கீற்றுத் தூசியை இறக்கியது. “நிறுத்துய்யா, இருக்கற மூச்சும் போயிரும்,” என்று இருசம்மாள் இருமிக்கொண்டே கும்பிட்டாள். அக்கினி நட்சத்திரத்தின் ஒன்பதாம் நாள், காலை பத்து மணி வெயிலில், அவள் மூச்சு அடங்கியது. கருப்பண்ணன் கையில் பனை விசிறி இருந்தது. பழனிவேல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவனுக்கும் சேர்த்து வீசினார்.

பழனிவேலுக்கு அரசாங்க ஆபீசில் வேலை கிடைத்தது. அந்த நாற்காலியைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

இப்போது வருஷம் எண்பத்தாறு. கருப்பண்ணன் பெரம்பலூரில் ஒரு மோட்டார் கடையில் இருக்கிறார். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறார். காத்தாடி வேலை வந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறார்.