பொம்மைகளுக்கு நடுவே பதினோரு வருஷம்

விலை உயர்ந்த துணி விற்கும் கடையில் நிற்பவர்களுக்கு ஒரு உண்மை தெரியும்: வருகிறவர்களில் பாதிப் பேர் துணியைப் பார்ப்பதே இல்லை. வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், பளிங்குத் தரையைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு பில் போடச் சொல்வார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் துணியைப் பார்ப்பார்கள். பார்த்ததும் நேரே என்னைத் தேடி வருவார்கள்.

நான் தாராவிக்காரி. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்தது மும்பையில். தினமும் மாஹிமில் ரயில் ஏறிப்போய், பெரிய கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் பெண்கள் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். எங்கள் மாடிக்கு மேனேஜர் அரோரா சார். துணிகளை நெருக்கி அடுக்கினால் அது பஜார், தள்ளித் தள்ளி மாட்டினால் அது ஃபேஷன் என்பது அவருடைய கொள்கை. அதனால் ஒரு கவுனுக்கும் அடுத்த கவுனுக்கும் நடுவே எங்கள் வீட்டுச் சமையலறை அளவுக்கு இடம் சும்மாக் கிடக்கும்.

நகைக்கடை, செருப்புக்கடை, செல்போன் ஷோரூம் என்று எங்கேயாவது சிரித்த முகத்தோடு நின்றே சம்பளம் வாங்குகிறவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள், பங்கு போட்டுக்கொண்டால் கொஞ்சம் பாரம் குறையும்.

மயில் கழுத்து நிறம்

செம்பூரிலிருந்து ஒரு அம்மா, தம்பி கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரு கவுன் வாங்கிப் போனார். கடையில் அது மயில் கழுத்து நிறம். நானே இரண்டு தடவை ஆசையாகப் பார்த்த துணி. மூன்றாம் நாள் பையோடு வந்து நின்றார். துணியை மாற்றி வைத்துவிட்டோமாம். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கிறதாம். நான் சத்தியம் செய்யாத குறை. அரோரா சார் வந்தார், கவுனை வாங்கி விளக்குக்குக் கீழே விரித்தார். மயில் கழுத்தேதான். "பாருங்க மேடம்" என்று வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

அந்த அம்மா விடுவதாக இல்லை. கவுனைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, அவசர வழிப் படிக்கட்டின் கதவைத் தள்ளினார். எங்கள் மாடியில் வெயில் எட்டிப் பார்க்கும் ஒரே ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. நாங்களும் பின்னால் ஓடினோம். வெயிலில் பிடித்தார். பாசிதான். அரோரா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் பாசிதான். ஆனாலும் நிறம் என்பது குறைபாட்டில் சேராது, மாற்றித்தர முடியாது என்று அரை மணி நேரம் வாதாடினார். நடுவில் நின்ற என்னை இரண்டு பேரும் மாற்றி மாற்றி முறைத்தார்கள். கடைசியில் அவரை வேறு கவுன் எடுத்துக் கொடுக்க வைத்தது அந்த அம்மா சொன்ன இந்த வார்த்தைதான்: "சரி, கவுன் எங்கிட்டயே இருக்கட்டும். அந்த லைட்டைக் கழட்டி இதோட சேர்த்து பேக் பண்ணிக் குடுங்க. மண்டபத்துல என் தலைக்கு மேல அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு ஒரு ஆளையும் அனுப்புங்க."

பியா

என் பெயர் பேச்சியம்மாள். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜில் மட்டும் பியா. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, பெயர் இந்தச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அரோரா சார் சுருக்கிவிட்டார். எங்கள் குலசாமி பெயரைச் சுருக்கிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். பெயரோடு பேச்சும் போனது. வாடிக்கையாளரிடம் இங்கிலீஷ், இல்லையென்றால் மெல்லிசான ஹிந்தி. இது கடை உத்தரவு.

ஒருநாள் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி மகளோடு வந்தார். நான் பட்டு ஜாக்கெட் ஒன்றை எடுத்து, மகளுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மகளிடம் தமிழில் சொன்னார்: "இவ சொல்றதை நம்பாதே. எல்லாருக்கும் இதையேதான் ஒப்பிக்கறா." எனக்குச் சுருக்கென்றது. உத்தரவையெல்லாம் மறந்து, "மாமி, தோள்பட்டை ஒரு விரல் தொங்குது. இதைவிட ஒரு சைஸ் சின்னது உள்ளே இருக்கு, எடுத்துட்டு வரட்டா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி அசரவில்லை. சொந்த ஊர், நிஜப் பெயர் எல்லாம் விசாரித்தார். சின்ன சைஸ் கச்சிதமாக இருந்தது, வாங்கிக்கொண்டார்கள். போகும்போது பேட்ஜை ஒரு விரலால் தட்டிச் சொன்னார்: "பேச்சியம்மாள்னு போட்டிருந்தா அப்பவே நம்பியிருப்பேனே! பியா சொன்னா யாருடி நம்புவா?"

பொம்மையின் முதுகு

பொம்மை போட்டிருக்கும் துணிதான் வேண்டும் என்பவர்களைப் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதலாம். அதே துணி, அதே சைஸ், ஹேங்கரில் நாலு தொங்கும். வேண்டாமாம், பொம்மை மேல் இருப்பதுதான் வேண்டுமாம். பொம்மையின் இரண்டு கையையும் திருகிக் கழற்றி, தலைவழியே உருவி, மறுபடி கையை மாட்டி, அதற்கு வேறு துணி போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை ஒரு பொம்மை வெற்றுடம்போடு நிற்கிறது என்று வேறொருவர் புகார் செய்வார்.

அப்படி ஒரு பெண், மேடையில் இருக்கும் பொம்மையின் சிவப்பு ஜாக்கெட்தான் வேண்டும், இடுப்பு அப்படியே பிடித்தாற்போல் இருக்கிறது என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் பொம்மையைத் திருப்பினேன். முதுகுப் பக்கம் வரிசையாக ஒன்பது கிளிப். எந்தத் துணியும் எந்தப் பொம்மைக்கும் சரியாக இருக்காது, பின்னால் இழுத்துப் பிடித்துக் கிளிப் போடுவோம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். அவள் ஒவ்வொரு கிளிப்பாக எண்ணினாள். பிறகு சொன்னாள்: "அளவு பாத்து செஞ்ச பொம்மைக்கே இது பொருந்தலையே, ரெண்டு புள்ள பெத்த எனக்கு எங்க பொருந்தும்?"

ஜன்னலுக்குள் மழை

ஜூன் பிறந்தால் கீழ்த்தளக் கண்ணாடி ஜன்னலில் மழை வந்துவிடும். நைலான் நூலில் கண்ணாடித் துளிகள், நடுவில் வெள்ளிக் காகிதம் ஒட்டிய பன்னிரண்டு குடைகள். ஒருநாள் வெளியே நிஜ மழை. தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து கடைக்கு வந்தால், வாசலிலேயே அரோரா சார். "பின்பக்கமா வா. ஜன்னல் எதிர்ல சொட்டச் சொட்ட நடந்தா டிஸ்ப்ளே கெட்டுப்போகும்." அதாவது, மழையை ரசிக்க வருகிறவர்கள் கண்ணில் மழையில் நனைந்தவள் படக்கூடாது.

மத்தியானம் ஒரு பெரியவர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். எதிர்ச் சாரியில் டாக்ஸி நின்றுவிட்டதாம், மனைவி அதில் இருக்கிறாராம், முட்டியில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகிறதாம். ஜன்னலைக் காட்டி ஒரு குடை கேட்டார். அதெல்லாம் காகிதம், நனைந்தால் கரைந்துவிடும் என்றேன். விற்பதற்காவது ஒன்று இருக்குமே என்றார். எங்கள் கடையில் குடை விற்பதில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. லாக்கரிலிருந்து கம்பி உடைந்த என் குடையை எடுத்துக்கொண்டு அவரோடு தெருவைக் கடந்தேன். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உள்ளே உட்கார வைத்தோம். பளிங்குத் தரையில் எங்கள் மூன்று பேர் கால்தடத்தையும் பார்த்து அரோரா சார் பல்லைக் கடித்தார். அந்த அம்மா மூச்சு வாங்கியபடி ஜன்னலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "பன்னிரண்டு குடை வாங்கித் தொங்கவிட காசு இருக்கு, இந்தப் பொண்ணோட குடைக் கம்பிய சரிபண்ணக் காசு இல்லையா?"

சோபா

எங்கள் மாடியில் பச்சை வெல்வெட் சோபா ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் உட்காரலாம், அவர்களுடைய பைகள் உட்காரலாம், நாங்கள் உட்காரக்கூடாது. என்னோடு வேலை பார்க்கும் ரேஷ்மா மராத்திப் பெண். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, ஷூவின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்பாள். ஸ்டூல் ஒன்று கேட்டுப் பார்த்தோம். ஸ்டூல் போட்டால் மாடியின் தோற்றமே போய்விடும் என்று பதில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை, கூட்டமில்லாத நேரம், அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நான்தான் பிடித்து சோபாவில் உட்கார வைத்தேன். தண்ணீர் குடிக்கக் கூட விடவில்லை, அரோரா சார் எங்கிருந்தோ முளைத்துவிட்டார். எழுந்திரு, வாடிக்கையாளர் பார்க்கிறார்கள் என்று தணிந்த குரலில் சீறினார். ரேஷ்மா என் கையைப் பிடித்து எழப் பார்த்தாள். எனக்கு வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் வாடகை, பிள்ளை ஸ்கூல் எல்லாம் நினைவுக்கு வந்ததும், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

அப்போது சோபாவின் மறுமுனையில் மகளுக்காகக் காத்திருந்த ஒரு வயதான அம்மா, ரேஷ்மாவின் தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார். அரோரா சாரிடம், இந்தச் சோபா விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தார். அவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, மன்னிக்கணும் மேடம், இது விற்பனைக்கு இல்லை, அட்மாஸ்ஃபியருக்காகப் போட்டிருக்கிறோம் என்றார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லது. அப்போ இந்தப் பொண்ணையும் அட்மாஸ்ஃபியருக்காகப் போட்டிருக்கிறதா வச்சுக்குங்க."

மேடை மேல் ஒரு பை

எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் காதர் அண்ணன் தோல் பட்டறை வைத்திருக்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை, கைப்பை செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர். பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு வராமல் இருந்ததே இல்லை. அவர் ஒருநாள் மத்தியானம், தேய்த்த வெள்ளைச் சட்டையோடு எங்கள் மாடியில் வந்து நின்றார். பின்னாலேயே இரண்டடி தள்ளி செக்யூரிட்டி. தூரத்திலிருந்து அரோரா சார் எனக்குக் கண்ணைக் காட்டினார். சீக்கிரம் அனுப்பிவிடு என்று அர்த்தம்.

நான் போனேன். "யெஸ் சார், மே ஐ ஹெல்ப் யூ?" என்றேன். அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை. அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற அரோரா சாரைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "மேடம், அந்தப் பையைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். என்னை மேடம் என்றார்.

அந்தப் பை தனியாகப் பளிங்கு மேடையில் இருந்தது. வெள்ளைக் கையுறை மாட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்துக் காட்டினேன். அவர் தொடவே இல்லை. திறக்கச் சொன்னார், கவிழ்க்கச் சொன்னார், கைப்பிடி சேரும் இடத்தைத் திருப்பச் சொன்னார். பட்டறைக்கு அப்படிக் கைப்பிடி வைக்க ஆர்டர் வந்திருக்கும்போல. குனிந்து பார்த்தவர், விரலை நீட்டாமல் மெதுவாகச் சொன்னார்: இடது கைப்பிடியில் ஒரு தையல் தப்பியிருக்கிறது, பாரம் ஏறினால் ஆறு மாதத்தில் விட்டுவிடும். உற்றுப் பார்த்தேன். நிஜம். அதற்குள் அரோரா சார் நெருங்கி, வாங்குகிறீர்களா சார் என்றார். காதர் அண்ணன் இல்லையென்று தலையாட்டி, "இந்த மேடம் ரொம்பப் பொறுமையாக் காட்டினாங்க" என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் படியிறங்கினார். செக்யூரிட்டி வாசல்வரை கூடப் போனார். தையல் விஷயத்தை அரோரா சாரிடம் சொன்னேன். "அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாத் திருப்பி வை" என்றார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொல்லி, நான் முகத்தைத் துடைக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "அழாத பேச்சி. நீ என்னை அண்ணேன்னு கூப்பிட்டிருந்தா அந்த ஆளு உன்னையல்லா முறைச்சிருப்பான்! அந்தப் பையில ஒரு விசேஷமும் இல்லம்மா. அதை இறக்கி வச்சிட்டு அந்த மேடையில என்னைத் தூக்கி உக்கார வச்சேன்னு வையி, உங்க மேனேஜர் எனக்கும் கையுறை போட்டுத்தான் கை குடுப்பான்."

மொத்தத்தில், துணி விற்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள், இந்தப் பதினோரு வருஷத்தில் துணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விற்றுவிட்டேன்.