ருக்குமணி பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

மலைமேல் அரியூர் நாட்டில் ருக்குமணியின் ஜீப்பைத் தெரியாதவர்கள் இல்லை. ஒன்பது வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள். வண்டியை வாங்கியது என்னவோ அவள் கணவன் தனபால்தான். ஆனால் இரண்டு வளைவு திரும்பினால் அவனுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். வாங்கின வண்டியைப் போர்த்தி வைத்துக் கும்பிடவா முடியும்? லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்தாள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் ஏறமாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நடந்துபோன ஆண்கள், முதல் மழைக்கே வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள்.

கிழங்கு சீசனில் மரவள்ளி மூட்டை, மற்ற நாளில் ஆட்கள் என்று ஊரிலிருந்து செம்மேட்டுக்குப் போவாள். திரும்பும்போது மைதிலி டீச்சரை ஏற்றிவருவாள். மைதிலிக்குச் சொந்த ஊர் கரூர்ப் பக்கம். செம்மேட்டில் வாடகைக்கு இருக்கிறாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒருத்திதான் டீச்சர். அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேரும் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. இவள் வந்து நாலு வருடமாகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாத்திரை அட்டையில் இருக்கும் தேதியைப் படித்து, இது பழசு, போடாதே என்று வீட்டில் சொல்கிற அளவுக்கு வந்திருக்கின்றன.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட வாசலில் இறங்கிய மைதிலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அக்கா, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். இடுப்பு வலி தாங்கல. டாக்டர் இப்படிக் குலுங்கிப் போகவே கூடாதுன்னுட்டார். மாறுதலுக்கு ஃபாரம் போடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

“போன மாசந்தானுங்க டீச்சர் புது ஷாக் அப்சார்பர் போட்டேன். கடையிலயே ரொம்ப ஸ்ட்ராங்கானது அதுதான்.”

“அதுக்கப்புறந்தான் வலி அதிகமாச்சு.”

கீழ்நாட்டு உடம்பு, மெத்தையில் வளர்ந்தது என்று ருக்குமணிக்கு நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டாள். அவள் ஒரு வார்த்தையை முழுங்குவது ஊரில் யாரும் பார்த்திராத காட்சி.

“வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. அப்புறம் ஃபாரம் போடறதும் கிழிக்கிறதும் உங்க இஷ்டம்.”

மறுநாள் காலையில் செம்மேட்டு நடையை முடித்துவிட்டு முள்ளுக்குறிச்சிக்கு வண்டியை இறக்கினாள். அங்கே மெக்கானிக் அர்த்தனாரியின் பட்டறை. போன மாதம் ஷாக் மாட்டியவன் அவன்தான்.

“வாங்கக்கா. என்ன, பிரேக் புடிக்கலீங்களா?”

“பிரேக்கெல்லாம் நல்லாப் புடிக்குது. நீ மாட்டுன ஷாக்குதான் ஒரு டீச்சரை ஊரை வுட்டுத் தொரத்துது.”

“அக்கா, அது ரேஸ் வண்டிக்குப் போடறது. கல்லு மாதிரி நிக்கும்.”

“கல்லு மேல உக்காரணும்னா எங்க ஊர்ல பாறை இல்லியா? அதுக்கு உங்கிட்ட எதுக்கு வாரேன்?”

“நான் ஓட்டிப் பாத்துத்தானுங்க குடுத்தேன். அலுங்காமத்தான் போச்சு.”

“எங்க உக்காந்து பாத்தே?”

“டிரைவர் சீட்லதான். ஓட்டறவன் வேற எங்க உக்காருவான்?”

ருக்குமணி வண்டியின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஜீப்பில் எத்தனையோ பேரைப் பின்னால் அடைத்து ஏற்றியிருக்கிறாள். அவள் ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. சாவியை அர்த்தனாரியிடம் நீட்டினாள்.

“நீ ஓட்டு. நான் டீச்சர் சீட்ல உக்காரேன். பட்டறைக்குப் பின்னால இருக்கற கல்லுப் பாதையில போ.”

பின்சீட்டு சரியாகச் சக்கரத்துக்கு மேலே இருந்தது. முதல் பள்ளத்தில் அவளைத் தூக்கியெறிந்ததில் கூரைக் கம்பியில் மண்டை இடித்தது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தும் உடம்பு நிற்கவில்லை. டீச்சர் மடியில் நோட்டுப் பையை வைத்துக்கொண்டு ஒரு கையால் அல்லவா பிடித்து வருகிறாள். கீழ்நாட்டு உடம்பு என்று நினைத்ததை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினாள்.

“போதுமாக்கா?” என்றான் அர்த்தனாரி.

“போதும். எனக்கே ஃபாரம் போடலாம் போல இருக்கு.”

பட்டறைக்கு வந்து அவன் வண்டிக்கடியில் படுத்தான். அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னான். ஷாக்கின் தண்டில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு. மீதி முழுக்கச் செம்மண் அப்படியே படிந்திருந்தது.

“இது உள்ள போயி வந்தாத்தானுங்க குலுக்கலை வாங்கும். இது அசையவே இல்ல. ஷாக்கும் கெட்டி, கீழ ஸ்பிரிங் பட்டையும் கெட்டி. கம்பெனி வெச்சது ஆறு பட்டை. இதுல ஒம்பது இருக்கு.”

மூன்று பட்டை கூடுதலாக வைத்தது தனபால், கிழங்கு மூட்டைக்காக. அப்போதுதான் ருக்குமணிக்கு உறைத்தது. தை மாசியில் பன்னிரண்டு மூட்டையோடு போகும்போது வண்டி தூளி போல ஆடும். மூட்டை பக்கத்தில் இடம் வேண்டும் என்று ஆட்கள் சண்டை போடுவார்கள். வெறும் ஆளோடு போகிற நாளில்தான் உதை. வண்டியைக் கிழங்குக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டு, அதற்குள் மனிதர்களை உட்கார வைத்திருந்தாள்.

“மூணு பட்டையையும் கழட்டு. ஷாக்கை மாத்து,” என்றாள்.

முதலில் மாட்டியது கடையிலேயே மிகவும் மிருதுவான ஷாக். மறுபடியும் பின்னால் ஏறிக்கொண்டாள். திருப்பத்தில் வண்டி பரிசல் மாதிரி சாய்ந்து, பள்ளம் தாண்டியும் ஆட்டம் அடங்கவில்லை.

“இதுல வந்தா இடுப்பு பொழச்சுக்கும், காலையில தின்ன இட்லி தங்காது. அடுத்ததை மாட்டு.”

அடுத்தது நடுத்தரம். பள்ளத்தில் இறங்கியது, ஒருமுறை எழும்பியது, அடங்கிவிட்டது. மண்டை கம்பியைத் தொடவில்லை.

“இதான்.”

“அக்கா, ஒண்ணு சொல்லிப்புடறேன். இதுக்கப்புறம் ஆறு மூட்டைக்கு மேல ஏத்தக் கூடாது. ஏத்துனா வண்டி அடி தரையில தட்டும்.”

ருக்குமணி ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“கிழங்குக்கு ரோட்டு வரைக்கும் லாரி வரும். டீச்சருக்கு வேற என்ன வரும்? முடுக்கு.”

சேதி அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. புதன்கிழமை காலையில் கிழங்குக்காரர் மாதேஸ்வரன் வழிமறித்தார்.

“ஏம்மா ருக்குமணி, வண்டியை எளைக்க வெச்சுட்டயாமா. தையில என் பன்னெண்டு மூட்டைய என் தலையிலயா வெப்பே?”

“ரெண்டு நடை அடிக்கறேன் மாமா. உங்க பேத்தி படிச்ச வரைக்கும் போதும்னா சொல்லுங்க, இன்னிக்கே பட்டைய மாட்டிப்புடறேன்.”

மாதேஸ்வரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அதுக்குச் சொல்லலீம்மா,” என்று ஒதுங்கினார்.

அன்று மைதிலி ஏறியதும் ருக்குமணி வண்டியை எடுத்தாள். ஓடையைக் கடக்கிற இடம்தான் பாதையிலேயே மோசம். உருட்டாங்கல் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தாள். மைதிலி வழக்கம்போல் கம்பியை இறுக்கிக்கொண்டு, அடிக்காகக் காத்திருந்தாள். அடி வரவில்லை. ஓடை தாண்டிப் பத்தடி போன பிறகு மெல்லக் கையை எடுத்தாள்.

“கொஞ்சம் ஆடுதுக்கா.”

“ஆடத்தானுங்க செய்யும், மலை ரோடு. தூக்கி அடிக்குதா?”

“இல்ல.”

வியாழனும் அப்படியே போனது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, என்ஜினையும் அணைத்துவிட்டு ருக்குமணி திரும்பிப் பார்த்தாள்.

“ஃபாரம் என்னாச்சுங்க டீச்சர்?”

“போடலக்கா. வலி போயிடலை. ஆனா இந்த மூணு நாளா கூடலை. இந்த வருசம் இருந்து பாக்கறேன்.”

“அடுத்த வருசம்?”

“அது உங்க ஷாக்கைப் பொறுத்தது.”

“அது என் பொறுப்பு. நீங்க எறங்குங்க, அங்க புள்ளைங்க சுவத்து மேல ஏறிட்டிருக்குதுங்க.”